காவிரி டெல்டா மீன்களில் ஹார்மோன் மாசைக் கண்டறிதல்: கல்லீரல் மரபணுக்களைக் கொண்டு ஒரு முழுமையான வழிகாட்டி

முட்டைக்கருவுக்கான புரதத்தை உண்டாக்கும் மரபணு ஆண் மீனின் கல்லீரலிலும் இருக்கிறது. வைட்டெல்லோஜெனின் எனப்படும் அந்தப் புரதம் பெண் மீனுக்கே தேவை. அதைத் தூண்டும் பெண்பால் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஆணின் இரத்தத்தில் மிகக் குறைவாக இருப்பதால், ஆணிடம் அந்த மரபணு ஏறக்குறைய செயலற்றே கிடக்கும். ஆற்றுநீரில் ஈஸ்ட்ரோஜனோ அதைப் போலச் செயல்படும் வேறு வேதிப்பொருளோ கலந்திருந்தால் அது செயல்படத் தொடங்கி, கல்லீரலில் அதன் தூது ஆர்.என்.ஏ. (புரதத்தை உண்டாக்க மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) பெருகும். அந்தப் பெருக்கத்தை அளப்பதே இந்த முறையின் அடிப்படை.

புதிதாக இப்பணிக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும், மரபணுத் துண்டுகளைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். இயந்திரத்தின் மீதே முழுக் கவனத்தையும் வைக்கிறார்கள். உண்மையில் அது இப்பணியின் எளிய பகுதி. எந்த மீன், அது மெய்யாகவே ஆணா, எந்த நீரோடு எந்த நீரை ஒப்பிடுகிறோம், மாசுபடாத ஆண் மீனின் அளவு என்ன என்னும் நான்கும் தெளிவாகாமல் எடுக்கப்படும் எண் எதையும் சொல்லாது. ஆகவே கீழ்க்காணும் வரிசையை மாற்றாமல் பின்பற்ற வேண்டும்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

மீன்களைப் பிடித்துக் கொன்று ஆய்வதற்கும், ஆய்வகத்தில் ஹார்மோனுக்கு உட்படுத்துவதற்கும் நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழுவிடம் ஒப்புதல் பெற வேண்டும். குத்தகைக்கு விடப்பட்ட குளமாக இருந்தால் குத்தகைதாரரிடமும், ஆறு, வாய்க்கால்களில் மீன்வளத்துறையிடமும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், தண்ணீர் திறந்துவிடப்பட்ட பிறகு அனுமதிக்காகக் காத்திருந்து அந்தப் பருவத்தையே இழந்திருக்கிறார்கள்.

கருவிகளில் நிகழ்நேர பி.சி.ஆர். இயந்திரம், குளிரூட்டிய மையவிலக்கி, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி, திசுவை மெழுகில் பதித்து வெட்டும் வசதி ஆகியவை தேவை. களத்துக்குத் திரவ நைட்ரஜன் வேண்டுமானால், மாடுகளுக்குச் சினை ஊசி போடும் கால்நடை நிலையங்கள் விந்துக் குச்சிகளை அதில்தான் வைத்திருக்கின்றன என்பதை நினைவில் கொள்ளலாம். அவர்கள் எங்கே நிரப்புகிறார்கள் என்று கேட்டாலே வழி தெரிந்துவிடும்.

2. எந்த மரபணுக்களை அளப்பது

முதன்மையானது வைட்டெல்லோஜெனின். அதனுடன் முட்டையுறைப் புரதத்துக்கான கோரியோஜெனின் மரபணுவையும், ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவின் மரபணுவையும் சேர்த்து அளக்க வேண்டும். மூன்றும் ஒரே தூண்டலுக்கு விடையளிப்பவை என்பதால், ஒன்று மட்டும் உயர்ந்து மற்றவை அசையாமல் இருந்தால் அளவீட்டில் பிழை இருக்கலாம் என்று உடனே சந்தேகிக்க முடியும்.

நான்காவதாக சைட்டோகுரோம் பி450 1ஏ மரபணுவைச் சேர்ப்பது மிகவும் பயன்தரும். அது எண்ணெய்க் கழிவு, எரிபொருள் புகைக்கரி, டையாக்சின் போன்றவற்றுக்கு உயரும் மரபணு. அவ்வகைப் பொருள்கள் ஈஸ்ட்ரோஜனின் விளைவை அடக்கக்கூடியவை; எனவே இது உயர்ந்திருக்கும் இடத்தில் வைட்டெல்லோஜெனின் குறைவாக இருப்பதை நீர் தூயது என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

நாம் ஆயப்போகும் ஜிலேபிக் கெண்டையில் (திலேப்பியா) வைட்டெல்லோஜெனின் ஒரே மரபணு அல்ல. ஏ வகையில் இரண்டும் சி வகையில் ஒன்றும் உள்ளன. எதை அளக்கிறோம் என்று தீர்மானித்து, ஆய்வு முழுவதும் அதையே அளக்க வேண்டும்.

3. மீனைத் தேர்ந்தெடுத்தல்

டெல்டாவில் எல்லா நீர்நிலைகளிலும் கிடைப்பது, கழிவுநீரைத் தாங்குவது, வெப்பமான நீரில் ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் செய்வது என்னும் மூன்று காரணங்களால் ஜிலேபிக் கெண்டை இப்பணிக்கு ஏற்றது. விரால், கெளுத்தி ஆகியவற்றிலும் செய்யலாம். ஆனால் அவற்றின் இனப்பெருக்கம் மழைப்பருவத்தைச் சார்ந்திருப்பதால், பருவ மாற்றத்தையும் மாசின் விளைவையும் பிரித்தறிவது கடினம்.

ஜிலேபிக் கெண்டையிலும் ஓர் இக்கட்டு உண்டு. வளர்ப்புக்கு விற்கப்படும் ஆண்பால் குஞ்சுகள் பலவும், குஞ்சுப் பருவத்தில் மெத்தில் டெஸ்டோஸ்டீரோன் கலந்த தீவனத்தை ஏறக்குறைய 3 முதல் 4 வாரம் கொடுத்து உருவாக்கப்படுபவை. தோற்றத்தில் ஆணாக இருக்கும் அவற்றில் ஒரு பகுதி, மரபணு அளவில் பெண். வெள்ளத்தில் பண்ணைக் குட்டைகள் உடைந்து இவை வாய்க்காலில் கலப்பது வழக்கம் என்பதால், பண்ணைகளுக்கு அருகில் பிடித்த மீன்களைக் களமாதிரியாகக் கொள்வதைத் தவிர்க்க வேண்டும். கடையில் வாங்கிய ஆண்பால் குஞ்சுகளைத் தூய ஒப்பீட்டு மீன்களாக வைப்பது இதைவிடப் பெரிய பிழை.

இனத்தையும் உறுதி செய்ய வேண்டும். வளர்ப்புக்கு வந்த நைல் திலேப்பியாவின் வால் துடுப்பில் செங்குத்துக் கோடுகள் தெரியும். பழைய மொசாம்பிக் வகையில் அவை இருப்பதில்லை. இரண்டும் கலந்து கலப்பினங்கள் உருவாவதால், ஒவ்வொரு மீனிலும் துடுப்பின் சிறு துண்டை ஆல்கஹாலில் எடுத்து வைப்பது நல்லது. மைட்டோகாண்ட்ரியா மரபணுவை மட்டும் படித்தால் தாயின் இனம்தான் தெரியும்; கலப்பினத்தை அது காட்டாது.

4. தூய ஆண் மீனின் அளவை முதலில் அறிதல்

ஆற்றுக்குச் செல்லும் முன் இதை முடித்தாக வேண்டும். பெரும்பாலோர் இதைக் கடைசியில் செய்கிறார்கள், அல்லது செய்வதே இல்லை; பிறகு களமீனில் வந்த அளவு உயர்வா இயல்பா என்று சொல்ல முடியாமல் நிற்கிறார்கள்.

ஹார்மோன் தீவனம் பெறாத தாய்மீன்களிலிருந்து பிறந்து ஆய்வகத்திலேயே வளர்ந்த ஆண் மீன்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி, புதிய பி.வி.சி. குழாய் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பிஸ்பீனால்-ஏ போன்றவையும் ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படுபவை. தீவனத்திலும் எச்சரிக்கை தேவை: சோயா மாவு மிகுந்த தீவனத்தில் உள்ள ஜெனிஸ்டைன் போன்ற தாவர ஈஸ்ட்ரோஜன்கள் ஆண் மீனின் வைட்டெல்லோஜெனினை உயர்த்தக்கூடும். தூயதென்று நாம் நம்பும் மீனே தீவனத்தால் உயர்ந்திருந்தால், ஆற்று மீன் அதனருகில் தூயதாகத் தோன்றும்.

மீன்களை ஐந்து குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒன்று வெறும் நீரில், ஒன்று ஹார்மோனைக் கரைக்கப் பயன்படும் கரைப்பான் மட்டும் கலந்த நீரில், மற்ற மூன்றும் லிட்டருக்கு 10, 100, 1000 நானோகிராம் 17-பீட்டா ஈஸ்ட்ரடையால் என்னும் இயற்கை ஈஸ்ட்ரோஜன் கலந்த நீரில் இருக்கட்டும். கரைப்பான் 0.01 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஹார்மோன் சுவரில் ஒட்டியும் நுண்ணுயிர்களால் சிதைந்தும் குறைவதால், நீரை நாள்தோறும் மாற்றி அதே அளவு ஹார்மோனைச் சேர்க்க வேண்டும். ஒரு வாரத்துக்குப் பின் கல்லீரலை எடுத்துக் கீழே 7 முதல் 9 வரை உள்ள படிகளை இந்த மீன்களிலேயே செய்து பார்க்க வேண்டும்.

இதனால் பிரைமர்கள் (அளக்க வேண்டிய மரபணுவில் ஒட்டிப் பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) வேலை செய்கின்றனவா என்பதும், நமது முறை எவ்வளவு குறைந்த ஹார்மோனை உணர்கிறது என்பதும், மாசில்லாத ஆண் மீன்களுக்கு இடையிலேயே எவ்வளவு வேறுபாடு உண்டு என்பதும் தெரிந்துவிடும். ஆண் மீனிலும் சிறிதளவு இயல்பான வெளிப்பாடு உண்டு. மாசு என்று சொல்ல வேண்டியது அந்த இயல்பான எல்லைக்கு மேல் இருப்பதைத்தான்.

ஹார்மோன் தூளைக் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடக் கூடாது. தொட்டி நீரைக் கரித்தூளில் வடிகட்டாமல் சாக்கடையில் விடவும் கூடாது.

5. இடத்தையும் காலத்தையும் தீர்மானித்தல்

டெல்டாவின் நீர் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டு, சில நாள்களில் கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றில் நீர் விடப்படுகிறது. ஜனவரி 28-இல் மேட்டூர் மூடப்படுகிறது. நீர்வரத்து குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போவதும் உண்டு. அணை மூடிய பிறகு கோடையில் ஆற்றில் தேங்கி நிற்பது பெரும்பாலும் ஊர்க் கழிவுநீர்தான். ஆகவே ஆகஸ்டில் ஓர் இடத்திலும் ஏப்ரலில் இன்னோர் இடத்திலும் மீன் பிடித்து ஒப்பிட்டால், அந்த ஒப்பீடு இடத்தைப் பற்றியதா நீரோட்டத்தைப் பற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

குறைந்தது இரண்டு சுற்று தேவை. நீர் சீராக ஓடும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஒன்று; ஆறு மடுக்களாகச் சுருங்கும் ஏப்ரல், மே மாதங்களில் ஒன்று. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பரைத் தவிர்க்கலாம்; வெள்ளம் மாசை நீர்த்துப்போகச் செய்வதோடு மீன்களையும் இடம் மாற்றிவிடும். எந்தச் சுற்றிலும் எல்லா இடங்களையும் ஒரே வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

ஒவ்வொரு ஊருக்கும் கழிவு கலக்கும் வாய்க்கு மேலே ஓரிடம், அதன் அருகே ஓரிடம், சில கிலோமீட்டர் கீழே ஓரிடம் என்று ஒரே ஆற்றில் வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தஞ்சாவூர் அருகே வெண்ணாற்றையும், கும்பகோணத்தில் அரசலாற்றையும் இவ்வாறு பார்க்கலாம். இடையில் மதகோ தடுப்பணையோ இருந்தால் மீன்கள் இடம்பெயர்வது குறையும் என்பதால் அவற்றின் இருபுறமும் பார்ப்பது நல்லது.

தூய இடமாகக் கோயில் குளத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. ஆற்று வாய்க்காலால் நிரம்பும் குளத்தில் ஆற்றின் மாசே இருக்கும்; மழைநீரால் மட்டும் நிரம்புவது, கழிவு கலக்காதது, கோழி எருவோ சாணமோ இட்டு மீன் வளர்க்கப்படாதது என்று விசாரித்து உறுதி செய்த பிறகே அதை ஒப்பீட்டு இடமாகக் கொள்ளலாம். கோழி எரு, மாட்டுச் சாணம் இரண்டிலும் இயற்கை ஈஸ்ட்ரோஜன்கள் உள்ளன. அறுவடைக்குப் பின் வாத்து மேய்க்கும் வயல்களின் வடிகாலையும் இதே காரணத்துக்காகக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும்.

கடைமடையில் கடல்நீர் ஏறும் பகுதிகளை நன்னீர்ப் பகுதிகளோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. உப்புத்தன்மை மாறும்போது ஜிலேபிக் கெண்டையின் சொந்த ஹார்மோன்களே மாறுகின்றன.

6. ஆற்றங்கரையில் செய்ய வேண்டியவை

வீச்சு வலையால் பிடித்த மீனே வேண்டும். இரவில் கட்டிய செவுள் வலையில் காலையில் எடுக்கும் மீன் எப்போது இறந்தது என்று தெரியாது. இறந்த கல்லீரலில் ஆர்.என்.ஏ. விரைவாகச் சிதையும். சந்தையில் வாங்கிய மீனுக்கும் இதுவே பொருந்தும். ஒரே அளவுள்ள, முதிர்ந்த மீன்களாகப் பார்த்து, ஓர் இடத்துக்கு 10 ஆண்களும் சில பெண்களுமாவது கிடைக்கும்வரை பிடிக்க வேண்டும். புறத்தோற்றத்தை மட்டும் நம்பிப் பிரித்தவற்றில் சில பிறகு பெண்ணாகத் தெரியவரும் என்பதால் கூடுதலாகச் சில மீன்கள் இருக்கட்டும்.

மீனை மயக்கமருந்து மிகுதியாகக் கலந்த நீரில் விட்டு, செவுள் அசைவு முற்றிலும் நின்ற பிறகு எடையையும் நீளத்தையும் குறிக்க வேண்டும். அறுத்த பின் முதலில் பார்க்க வேண்டியது இனப்பெருக்க உறுப்பு. அது வெண்ணிறமாகவும் மென்மையாகவும் இருந்தால் விரை. மணிமணியாக முட்டைகள் தெரிந்தால் சூலகம். ஐயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் ஒரு பகுதியைத் திசுவைக் கெடாமல் நிலைப்படுத்தும் பூவான் (Bouin) கரைசலில் போட்டுவிட வேண்டும். விரைக்குள் முட்டை அணுக்கள் தோன்றியிருப்பது நுண்ணோக்கியில்தான் தெரியும்.

ஆண்களை எல்லாம் முடித்த பிறகே பெண்களை அறுக்க வேண்டும். பெண்ணின் கல்லீரலில் வைட்டெல்லோஜெனின் தூது ஆர்.என்.ஏ. ஆணைவிடப் பல்லாயிரம் மடங்கு இருக்கக்கூடும் என்பதால், கத்தியில் ஒட்டிய சிறு துணுக்குகூட அடுத்த ஆண் மீனை மாசுபட்டதாகக் காட்டிவிடும். ஒவ்வொரு மீனுக்கும் புதிய அலகும் புதிய கையுறையும் வேண்டும். இந்த ஒன்றைக் கடைப்பிடிக்காததால் வரும் போலி உயர்வே நான் அதிகம் கண்ட பிழை.

கல்லீரலை எடைபோட்டு, அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத துண்டுகளாக்கி, ஐந்து முதல் பத்து மடங்கு ஆர்.என்.ஏ. காப்புக் கரைசலில் இட்டுப் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். ஓர் இரவு 4 டிகிரியில் ஊறவிட்ட பின்பே உறையவைக்க வேண்டும். கரைசல் உள்ளே இறங்கும் முன் உறைந்தால் திசுவின் நடுப்பகுதி காப்பாற்றப்படாது. திரவ நைட்ரஜன் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பித்தப்பை கிழிந்து பித்தநீர் கல்லீரலில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

அதே நேரத்தில் நீரின் வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துதிறன் ஆகியவற்றை அளந்து, மெத்தனாலால் கழுவிய பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் நீர்மாதிரி எடுக்க வேண்டும். நீரை மட்டும் சோதித்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. கனடாவில் ஒரு சோதனை ஏரியில் 2001 முதல் 2003 வரை லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் எத்தினில் ஈஸ்ட்ரடையால் (கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன்) மட்டுமே கலந்தபோது, அங்கிருந்த சிறு மீனினம் ஒன்று ஏறக்குறைய அழிந்தேபோனது. அவ்வளவு நுண்ணிய அளவை வேதிச்சோதனையால் காண்பது கடினம், செலவும் மிகுதி. மேலும் புட்டி அந்த ஒரு நொடியைத்தான் காட்டும்.

7. ஆர்.என்.ஏ. பிரித்தல்

50 முதல் 100 மில்லிகிராம் கல்லீரலுக்கு ஆர்.என்.ஏ.வைப் பிரிக்க உதவும் ட்ரைசால் கரைசல் 1 மி.லி., 0.2 மி.லி. குளோரோஃபாம், 4 டிகிரியில் 12,000 மடங்கு ஈர்ப்பு விசையில் 15 நிமிடச் சுழற்சி என்னும் வழக்கமான முறையே போதும். கல்லீரலில் கொழுப்பும் கிளைக்கோஜனும் மிகுதி என்பதால், கூடுதலாகத் திசு போட்டால் கிடைக்கும் ஆர்.என்.ஏ. கலங்கலாகும். மேல்நீர் அடுக்கை எடுக்கும்போது நடு அடுக்கைத் தொடாமல் கொஞ்சம் விட்டுவிடுவதே நல்லது.

டி.என்.ஏஸ் நொதியால் மரபணு டி.என்.ஏ.வை நீக்குவது கட்டாயம். 260, 280 நானோமீட்டர் ஒளியை மாதிரி உறிஞ்சும் அளவுகளின் விகிதம் 2.0 அருகிலும், ஜெல்லில் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் 28 எஸ், 18 எஸ் பட்டைகள் இரண்டும் தெளிவாகவும் இருக்க வேண்டும். விகிதம் சரியாக இருந்தும் பட்டை கலைந்திருக்கலாம்; விகிதம் தூய்மையைக் காட்டுமே தவிரச் சிதைவைக் காட்டாது. சிதைந்த மாதிரியை எவ்வளவு அரிதாகக் கிடைத்ததாயினும் ஒதுக்கிவிட வேண்டும்.

8. சி.டி.என்.ஏ.வும் பிரைமர்களும்

எல்லா மாதிரிகளிலும் ஒரே அளவு ஆர்.என்.ஏ.விலிருந்து, எடுத்துக்காட்டாக 1 மைக்ரோகிராமிலிருந்து, நொதியைக் கொண்டு சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.வின் டி.என்.ஏ. படி) உண்டாக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் நொதி சேர்க்காத ஒரு குழாயும் வேண்டும்; அதில் பெருக்கம் தெரிந்தால் டி.என்.ஏ. நீங்கவில்லை என்று பொருள்.

பிரைமர்கள் இரு எக்சான்களின் (தூது ஆர்.என்.ஏ.வில் எஞ்சும் மரபணுப் பகுதிகள்) இணைப்பில் அமைந்து, 80 முதல் 200 காரஇணை நீளமுள்ள துண்டைத் தர வேண்டும். நைல் திலேப்பியாவின் மரபணுத் தொகுதியைப் பார்த்து வடிவமைத்தவை நம் ஆற்று மீனில் சரியாக ஒட்டுமா என்பதை, கிடைத்த துண்டின் வரிசையைப் படித்தே உறுதி செய்ய வேண்டும். பத்து மடங்காக நீர்த்த தொடரில் பெருக்கத்தின் திறன் 90 முதல் 110 விழுக்காடும், நேர்கோட்டின் சாய்வு மைனஸ் 3.1 முதல் மைனஸ் 3.6 வரையும் இருக்கட்டும்.

ஒப்பீட்டு மரபணுவாக (எல்லா மீனிலும் மாறாதது என்று கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடும் மரபணு) பீட்டா ஆக்டினை மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கல்லீரலின் அளவையும் வேலையையும் மாற்றுவதால், நிலையானதென்று நாம் கருதும் மரபணுவும் அசையக்கூடும். ஈ.எஃப். 1 ஆல்ஃபா, ஆர்.பி.எல். 8, பீட்டா ஆக்டின் ஆகிய மூன்று மரபணுக்களையும் நான்காம் படியின் ஐந்து குழுக்களிலும் அளந்து, அசையாத இரண்டின் பெருக்கல் சராசரியைப் பயன்படுத்தலாம்.

9. தட்டை அமைத்து அளத்தல்

ஒவ்வொரு பி.சி.ஆர். தட்டிலும் (கிணறு எனப்படும் சிறு குழிகள் பல கொண்டது) எல்லா இடங்களின் மீன்களும் கலந்திருக்க வேண்டும். ஒரு தட்டில் ஓர் இடம் என்று வைத்தால், தட்டுகளுக்கு இடையேயான வேறுபாடு இடவேறுபாடாகத் தோன்றும். மாதிரி இல்லாத கிணறு, ஈஸ்ட்ரடையால் பெற்ற மீனின் கிணறு, எல்லாத் தட்டுகளிலும் பொதுவான ஒரு மாதிரி ஆகியவை கட்டாயம். பெண் மீன்களின் சி.டி.என்.ஏ.வை ஆண்களின் தட்டில் வைக்க வேண்டாம். இறுதியில் உருகுநிலை வளைவில் ஒரே முகடு இருப்பதைப் பார்க்கவும்; ஒரே துண்டுதான் பெருகியது என்பதை அது காட்டும்.

10. கணக்கு

பி.சி.ஆரின் ஒவ்வொரு சுழற்சியிலும் துண்டு இரட்டிப்பாவதால், முந்திய சுழற்சியில் தெரிவதே மிகுதியாக உள்ளது. தூய ஆணில் வைட்டெல்லோஜெனின் 34-ஆம் சுழற்சியிலும் ஒப்பீட்டு மரபணு 18-ஆம் சுழற்சியிலும் தெரிந்தால் வேறுபாடு 16. ஆற்று மீனில் அவை 24, 18 என்றால் வேறுபாடு 6. இரண்டுக்கும் இடைவெளி 10 என்பதால் உயர்வு 2-இன் 10-ஆம் அடுக்கு, அதாவது 1024 மடங்கு. பிரைமர்களின் திறன் சமமாக இல்லாவிட்டால் 2-க்குப் பதிலாக, அளந்த திறனோடு 1-ஐக் கூட்டிய எண்ணையே (திறன் 90 விழுக்காடு என்றால் 1.9) ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனியே போட வேண்டும்.

புள்ளியியலை மடங்குகளில் செய்யாமல் மடக்கை அளவில் செய்யவும். ஒரு மீனுக்கு மூன்று கிணறு வைத்தாலும் அது ஒரு மீன்தான். ஓர் இடத்தில் 10 மீன் பிடித்தாலும் அது ஓர் இடம்தான். ஒரே ஒரு கழிவுவாயைப் பார்த்துவிட்டு நகரக் கழிவுநீர் எல்லாமே இப்படித்தான் என்று எழுதுவதற்கு அந்த எண்கள் இடம் தருவதில்லை.

பெருக்கமே தெரியாத மீன்களைக் கணக்கிலிருந்து நீக்குவது கடும் பிழை. அவைதான் பெரும்பாலும் மாசில்லாத மீன்கள். அவற்றை நீக்கினால் தூய இடத்தின் சராசரி செயற்கையாக உயர்ந்து, வேறுபாடு மறைந்துவிடும். அளவிடக்கூடிய எல்லைக்குக் கீழ் என்று குறித்து, அதற்கேற்ற புள்ளியியல் முறையைக் கையாள வேண்டும்.

11. முடிவுக்குப் பொருள் கொள்ளுதல்

வைட்டெல்லோஜெனின் உயர்வு, ஈஸ்ட்ரோஜனைப் போல ஏதோ ஒன்று அண்மையில் மீனைத் தொட்டது என்று மட்டுமே சொல்லும். அது மனிதக் கழிவில் உள்ள எஸ்ட்ரோன் என்னும் ஈஸ்ட்ரோஜனா, கருத்தடை மாத்திரையின் எத்தினில் ஈஸ்ட்ரடையாலா, ஜவுளி, சலவைப் பொருள்களிலிருந்து வரும் நோனைல்பீனாலா, கோழி எருவா என்று சொல்லாது. மேற்கே நொய்யல், பவானி, அமராவதி வழியாக வருவதும் இதே ஆற்றில்தான் சேர்கிறது. ஆதலால் கழிவுவாய்க்கு மேலே உள்ள இடத்திலும் உயர்வு இருந்தால், உள்ளூரைக் குற்றம் சொல்லும் முன் கல்லணைக்கு மேலே உள்ள ஓர் இடத்தையும் பார்க்க வேண்டும்.

தூது ஆர்.என்.ஏ. சில மணி நேரம் முதல் ஓரிரு நாளுக்குள் உயர்ந்து, தூண்டல் நின்றால் சில நாள்களில் குறையத் தொடங்கும். இரத்தத்தில் புரதம் வாரக்கணக்கில் தங்கும். விரையில் தோன்றிய முட்டை அணுக்கள் நீண்ட கால விளைவைக் காட்டும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மாசு இப்போது வந்ததா, நெடுநாளாக உள்ளதா என்பது விளங்கும்.

மூன்று ஈஸ்ட்ரோஜன் மரபணுக்களும் இயல்பாக இருந்து பி450 1ஏ உயர்ந்திருந்தால், ஹார்மோன் மாசு இல்லை என்று எழுதக் கூடாது; தீர்மானிக்க இயலவில்லை என்றே எழுத வேண்டும். அந்த இடத்து நீரை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து தூய ஆண் மீன்களை அதில் வைத்துப் பார்ப்பது அடுத்த வழி. பெண் மீன்களில் வைட்டெல்லோஜெனின் இயல்பைவிடக் குறைந்திருந்தால், ஆண்பால் ஹார்மோன் தன்மையுள்ள மாசையோ ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் பொருளையோ தேட வேண்டும். இதற்காகவே ஒவ்வோர் இடத்திலும் சில பெண்களையும் எடுக்கச் சொல்கிறோம்.

12. ஊராரிடம் தெரிவித்தல்

மீன் கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு. ஆனால் இந்தச் சோதனை மீனின் உடலில் நடந்த மாற்றத்தை அளப்பது. அந்த மீனை உண்ணலாமா கூடாதா என்பதை அளப்பதன்று. உண்ணும் தசையில் என்ன வேதிப்பொருள் எவ்வளவு உள்ளது என்பதற்கு வேறு சோதனை வேண்டும். இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லாமல் செய்தியாளரிடம் பேசினால், அடுத்த நாளே அந்த ஆற்றில் வலை வீசுவோரின் மீன் விற்காமல் போகும்.

ஆகவே அறிக்கையில் இடம், நாள், அன்றைய நீரோட்ட நிலை, ஆண் மீன்களின் எண்ணிக்கை, அவற்றில் தூய எல்லையைத் தாண்டியவை எத்தனை, ஒப்பீட்டு இடத்தில் எத்தனை என்பவற்றை முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். அறிக்கையின் படியை வலைக்காரர்களிடமும் ஊராட்சியிடமும் முதலில் கொடுத்து விளக்கிவிட்டு, பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத்துறைக்கும் அனுப்பலாம். எஞ்சிய கல்லீரல் மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் வைத்திருந்தால், முடிவை யாரேனும் மறுக்கும்போது அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஆய்வகத்திலேயே அவற்றை மீண்டும் அளந்து பார்க்கலாம்.